ஒன்றிலிருந்து பத்து வரை

ஏஜாக்ஸ். பெப்ரவரி. இரவு இரண்டு பத்து.
வீதிக்கு உப்புப் போடுகிற லொறியின் சத்தம்
எனக்குத் தூரத்தில் கேட்கிறது,
சேயோனுக்குப் பல்லுக்குள்.

குளியலறைத் தரையில் இருக்கிறான்.
கதவைப் பூட்டவில்லை, அது எங்கள் ஒப்பந்தம்.
குளிரங்கித் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருக்கிறான்.
ஒன்ராறியோவில் மூடிவிட்ட ரயில் நிலையங்களையெல்லாம்
மூடிய ஆண்டோடு ஒப்புவிக்கிற வாய்
நேற்று மத்தியானத்திலிருந்து
ஒரு சொல் சொல்லவில்லை.

கைப்பேசியில் தட்டிக் காட்டினான்:
"இருக்க ஏலாது."
எங்கே என்று கேட்க வாயெடுத்தேன்.
பிறகுதான் விளங்கியது,
இது இடத்தைப் பற்றிய வசனம் இல்லை.

ஓட்டிசம் நிலையத்தில் பதிவுசெய்த குரல்:
திங்கள் முதல் வெள்ளி, ஒன்பது முதல் ஐந்து.
(அவர்கள் போன வருஷம் சொன்னது:
மனநலம் எங்கள் பகுதி அல்ல.
மனநலக்காரர் சொன்னது:
ஓட்டிசம் எங்கள் பகுதி அல்ல.
மத்தளத்துக்காவது இரண்டு பக்கமும் அடி விழும்.
இவனை இரண்டு பக்கமும் தொடவே இல்லை.)

அம்மா விற்பியில் இரவு வேலை.
போனை லொக்கரில் வைக்க வேணும்.

மூன்று இலக்கத்தை அழுத்தினேன்.
டெனீஸ் என்று ஒரு பெண்.
"அவரோடு கதைக்கலாமா?"
"கதை வராது இப்ப."
"கோபமா?"
"இல்லை. கதை போட்டுது."
"நான் சொல்வது கேட்குமா அவருக்கு?"
"எல்லாமே கேட்குது. அதுதான் பிரச்சினை."

பாதுகாப்பாக இருக்கிறாரா என்று கேட்டாள்.
அவன் தட்டினான்:
"வாசல் கதவு பூட்டியிருக்கு.
புகை அலாரத்துக்கு நவம்பரில் பற்றரி மாத்தினது."
ஒன்றிலிருந்து பத்து வரை, எவ்வளவு கஷ்டம்?
"பத்து என்றால் என்ன? வரையறுக்கவும்."

மறுமுனையில் மௌனம்.
இந்த மௌனம் எனக்குப் பழக்கம்.
அடுத்த சொல் பொலிஸ் என்று வரும்.
சப்பாத்து, வெளிச்சம், கையைக் காட்டு என்ற கத்தல்;
கை அவன் சொல் கேளாமல் சிறகடிக்கிற நேரத்தில்
கையைக் காட்டு.

"நான் எழுதட்டுமா அவருக்கு?" என்றாள் டெனீஸ்.
"அவர் எழுதுகிற வேகத்தில்."

போன் கைமாறியது. நான் தரையில் உட்கார்ந்து
ஓரக்கண்ணால் வாசித்தேன்.
"இந்த நிமிஷம் எது ஒன்று குறைந்தால் நல்லது?"
"லைற்."
அணைத்தேன்.
வெளிச்சத்தோடு காற்றாடியும் நின்றது.
பதினொரு வருஷம் இந்த வீட்டில்,
இரண்டுக்கும் ஒரே சுவிட்ச் என்று
நான் ஒருநாளும் கவனித்ததில்லை.
அவன் தோள் ஓர் அங்குலம் இறங்கியது.

அதற்குப் பிறகு அவள் சுற்றி வளைக்கவில்லை.
"சாக நினைக்கிறீர்களா?
ஆம். இல்லை. தெரியாது. ஒன்றை அனுப்புங்கள்."

ஆறு நிமிஷம்.
அவள் மறுபடி கேட்கவில்லை.
இருக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.
இருட்டில் அந்தச் சின்னத் திரை மட்டும்
அவன் நாடியில் நீலமாக.

"தெரியாது," என்று அனுப்பினான்.
பிறகு, நான் கேட்டறியாத நீளத்தில்:
"சாக வேணும் எண்டில்லை. சத்தம் நிக்க வேணும்.
ரெண்டும் வேற எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"நான் இப்போது கேட்டுவிட்டேன்," என்று வந்தது.

இரண்டு பேர் வருவார்கள். சீருடை இல்லை, சைரன் இல்லை.
சாம்பல் நிறக் கார். ஒருவர் பெயர் ஓவன், மற்றவர் ஃபர்ஹீன்.
மணி அடிக்க மாட்டார்கள், எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார்கள்.
சப்பாத்தைக் கழற்றுவார்களா என்று கேட்டான்.
கழற்றுவார்கள்.
எத்தனை நிமிஷம்?
நாற்பது.

ஐம்பத்து மூன்றாவது நிமிஷம்
பனி ஒட்டிய இரண்டு சோடிச் சப்பாத்து வாசலில்.
ஃபர்ஹீன் குளியலறைக்கு வெளியே, அவனைப் பாராமல்,
சுவரைப் பார்த்தபடி தரையில் அமர்ந்தாள்.

பதினேழு மாதக் காத்திருப்புப் பட்டியல்
நாளைக்கும் பதினேழு மாதம்தான்.
தெரியும்.

சேயோன் போனை எனக்கு நீட்டினான்.
"பதின்மூன்று நிமிஷம் பிந்தி."
நேற்று மத்தியானத்துக்குப் பிறகு
அவனுடைய முதல் முறைப்பாடு.
திரையை அணைக்காமல் வைத்திருந்தேன்.